ஹஜ்ஜுக்கு நீட்டிய கை பேரக்குழந்தைக்கு ஏன் மடங்குகிறது?





2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன்னர் தடுப்பூசி முகாமில் நானும் வரிசையில் நின்றேன். மூளைக்காய்ச்சலுக்கு ஓர் ஊசி, போலியோவுக்குச் சொட்டு மருந்து. அறுபத்தைந்தைக் கடந்தவன் என்பதால் இன்ஃப்ளூயன்சா எனப்படும் ஃப்ளூ காய்ச்சலுக்கு இன்னுமோர் ஊசி. அந்த வரிசையில் ஆலிம்கள் இருந்தார்கள், வியாபாரிகள் இருந்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களும் இருந்தார்கள். ஒருவர்கூட ‘இதில் என்ன கலந்திருக்கிறது?’ என்று கேட்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை நீட்டினோம். பைத்துல்லாஹ்வைக் காணும் ஆவலில் எந்த ஐயமும் எழவில்லை.

இப்போது என் கடைசி மகள் ஏழு மாதக் கர்ப்பிணியாகத் தலைப்பிரசவத்துக்குத் துடியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அதே ஃப்ளூ ஊசியைப் போட்டுக்கொள்ளும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே குடும்பத்தில் எத்தனை முஃப்திகள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது! சம்பந்தி வீட்டிலிருந்து ஏழு நிமிடக் குரல் பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அந்த ஊசியில் பன்றி இருக்கிறதாம், கருவைக் குலைக்குமாம், நம் சமுதாயத்தின் பிள்ளைப்பேற்றைக் குறைக்கும் சதியாம், முஃமினுக்குத் தவக்குல் போதுமாம். பேசியவர் யாரென்று அதை அனுப்பியவருக்கும் தெரியவில்லை. ஆயினும் மறுநாள் லுஹருக்குள் அது எங்கள் சொந்தபந்தம் முழுவதையும் சுற்றி வந்துவிட்டது.

இக்கட்டுரை அந்தக் குரல் பதிவுக்கு மறுப்பு. எழுதும் முன் என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அனைவருக்கும் ஓர் ஊசி. அன்றும் இப்படித்தான் வாட்ஸ்அப்பில் வதந்திகள் கிளம்பின. எல்லா மதத்துப் பெற்றோரும் அஞ்சினார்கள். இதை நம் சமுதாயத்தின் தனிநோய் என்று எவரேனும் சொன்னால் அது பொய். பிப்ரவரி இறுதியில் முடிய வேண்டிய இயக்கத்தை மார்ச் நடுப்பகுதி வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஊசி போடும் நாளன்று வயிற்றுவலி என்று கடிதம் எழுதி அவளை வீட்டிலேயே இருத்திக்கொண்டவன் நான். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையும் பட்டேன்.

இந்த ஆண்டு அவள் கருவுற்று முதன்முறை மருத்துவரிடம் சென்றபோது, அவர் கேட்ட கேள்விகளுள் ஒன்று: ‘ரூபெல்லா ஊசி போட்டிருக்கிறதா?’ ரூபெல்லா சிறுவர்களுக்கு வந்தால் நான்கு நாள் தடிப்பும் காய்ச்சலும்தான். கருவுற்ற முதல் மாதங்களில் தாய்க்கு வந்தாலோ, வயிற்றிலிருக்கும் குழந்தையின் காதையும் கண்ணையும் இதயத்தையும் அது பாழாக்கக்கூடும். அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசியாதலால் கர்ப்ப காலத்தில் போடவும் முடியாது. இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று இரவுகளும் தஹஜ்ஜுதில் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கும் ரப்புக்கும் மட்டுமே தெரியும். அல்ஹம்துலில்லாஹ், சிறுவயதில் எப்போதோ வந்துபோன தொற்றினால் அவளுக்கு எதிர்ப்பாற்றல் இருந்தது. அந்த நிம்மதி அல்லாஹ் செய்த கருணை. என் அறியாமைக்கு அதில் பங்கில்லை. அதே தவற்றை அதே மகளிடம் இரண்டாம் முறை செய்ய நான் ஆயத்தமாயில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஃப்ளூ என்பது வெறும் சளி அன்று. பெரியவர்களான நமக்கு ஒரு வாரம் படுக்கை, கசாயம், பாராசிட்டமால் என்று போய்விடும். கர்ப்பிணியின் நுரையீரலும் இதயமும் ஏற்கெனவே இரண்டு உயிர்களுக்காக உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவளுடைய எதிர்ப்பாற்றலும் அக்காலத்தில் மாறியிருக்கிறது. 2009இல் எச்1என்1 உலகெங்கும் பரவியபோது கர்ப்பிணிகள் மற்றவர்களைவிடக் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். கோவைக்கும் இது புதிதன்று. 2018இன் இறுதி மாதங்களில் நம் அரசு மருத்துவமனையில் பன்றிக்காய்ச்சலுக்கென்று தனிப்பிரிவு இயங்கியதை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள்.

பிறந்த குழந்தையின் நிலையோ இன்னும் நலிந்தது. அதன் மூச்சுக்குழல் மிகக் குறுகியது. சிறிது வீங்கினாலும், சிறிது சளி அடைத்தாலும் மூச்சுத் திணறும். பால் குடிக்க முடியாமல் துவளும். இதில் முக்கியமானது ஒன்று உண்டு: ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் போடத்தக்க ஃப்ளூ தடுப்பூசி உலகில் எங்கும் கிடையாது. ‘பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்பவர்கள் இதை அறியாமல் சொல்கிறார்கள். பிறந்த பிறகு ஆறு மாதம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அக்குழந்தைக்கு ஒரே வழி, தாய் கருவுற்றிருக்கும்போது போட்டுக்கொண்டு, தன் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி வழியே அதற்கு அளிப்பது. பாலூட்டும்போதும் ஓரளவு போய்ச் சேர்கிறது.

இதனை முதன்முதலில் முறையாகச் சோதித்து நிறுவிய இடம் எது தெரியுமா? சதி என்று பேசுவோர் சற்றுக் காது கொடுக்கட்டும். வங்கதேசத்தின் டாக்கா நகரம். பெரும்பான்மையினர் முஸ்லிம்களான நாட்டில், 340 கர்ப்பிணிகளைக் கொண்டு 2004, 2005ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வு, 2008இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குக் கடைசி மூன்று மாதத்தில் ஃப்ளூ ஊசி போடப்பட்டது. மற்றவர்களுக்கு வேறொரு தடுப்பூசி. பிறந்த குழந்தைகளை ஆறு மாதம் கண்காணித்ததில், பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ, முதல் வகைத் தாய்மாரின் குழந்தைகளில் ஆறு பேருக்கு வந்தது. மற்றவர்களின் குழந்தைகளில் பதினாறு பேருக்கு. அறுபது விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. பின்னர் மாலி, நேபாளம், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் இதைவிடப் பெரிய ஆய்வுகள் நடந்தன. அவற்றில் கிடைத்த பயன் இவ்வளவு இல்லை. ஏறத்தாழ முப்பது முதல் ஐம்பது விழுக்காடு வரைதான். ஆம், இந்த ஊசி முழுக் கவசமன்று. போட்டவருக்கும் ஃப்ளூ வரலாம். ஆனால் குடையும் முழங்காலுக்குக் கீழே நனையவே விடுகிறது. அதற்காக மழையில் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோமா?

2012இல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ தடுப்பூசியில் கர்ப்பிணிகளை முதலிடத்தில் வைத்தது. நம் நாட்டு மகப்பேறு மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பும் ஆறாம் மாதத்துக்குப் பின் போட்டுக்கொள்ளப் பரிந்துரைக்கிறது. தமிழ்நாட்டில் ஃப்ளூ உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. என் மகளுக்குக் குறித்திருக்கும் நாளோ நவம்பரில். ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி அந்தக் குரல் பதிவின் கூற்றுகள்.

பன்றி என்ற வாதம் எங்கிருந்து வந்ததென எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எச்1என்1 காய்ச்சலுக்குத் தமிழில் ‘பன்றிக்காய்ச்சல்’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஆகவே அதற்கான ஊசி ‘பன்றிக்காய்ச்சல் ஊசி’ ஆயிற்று. பெயரைக் கேட்டவுடனேயே முஸ்லிமின் மனம் சுருங்குகிறது. தக்காளிக் காய்ச்சல் என்ற பெயருக்காக எவரும் தக்காளியை விலக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்! நம் நாட்டில் போடப்படும் ஃப்ளூ ஊசிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிருமி வளர்க்கப்படுவது கோழி முட்டையில். பிறகு அது கொல்லப்பட்டுச் சிதைக்கப்படுகிறது. செத்த கிருமியால் நோயைத் தர முடியாது. பன்றியிலிருந்து பெறப்படும் ஜெலட்டின் இருப்பது வெளிநாடுகளில் சிறுவர்களுக்கு மூக்கில் பீய்ச்சும் வேறொரு மருந்தில். இங்கிலாந்து முஸ்லிம் பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தது அதற்கே. அது உயிருள்ள கிருமியைக் கொண்டதாகையால் கர்ப்பிணிகளுக்குப் போடுவதே இல்லை. ஐயமிருந்தால் பெட்டிக்குள் இருக்கும் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், அது உங்கள் உரிமை. ஜெலட்டின் குறித்தும் 1995இல் குவைத்தில் கூடிய மார்க்க, மருத்துவ அறிஞர்கள், தன்மை முற்றிலும் மாறிய பொருளுக்குப் பழைய சட்டம் பொருந்தாது என்ற ‘இஸ்திஹாலா’ அடிப்படையில் அனுமதி என்றே முடிவு கண்டார்கள். பேணுதலுக்காக மாற்றுக் கருத்துடைய ஆலிம்களும் உண்டு. ஆனால் இந்த ஊசியில் அந்தச் சர்ச்சைக்கே இடமில்லை.

பிள்ளைப்பேற்றைக் குறைக்கும் சதி என்பது பழைய பாட்டு. உத்தரப்பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்துக்கும் இதையே பாடினார்கள். ஆலிம்களும் பள்ளிவாசல்களும் முன்வந்து அந்தப் பயத்தைப் போக்க எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது! அந்த இடைவெளியில் கால் சூம்பிய பிள்ளைகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி, 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட சிறுமி, ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. வாளையாற்றைத் தாண்டிப் பாலக்காட்டை அடுத்திருக்கும் மலப்புரத்தைப் பாருங்கள். தடுப்பூசி போடாத வீடுகள் பெருகியிருந்த அம்மாவட்டத்தில் 2015, 2016ஆம் ஆண்டுகளில் தொண்டை அடைப்பான் திரும்ப வந்து சிறார் உயிரைக் குடித்தது. நம் எண்ணிக்கையைக் குறைப்பது எது, ஊசியா, ஊசியைப் பற்றிய வதந்தியா?

அம்மை குத்தும் வழக்கத்தை ஐரோப்பா கற்றதில் நமக்கும் பங்குண்டு. 1717இல் உஸ்மானிய நாட்டில் வாழ்ந்த ஓர் ஆங்கிலப் பெண்மணி, அந்நாட்டுக் கிழவிகள் பெரியம்மைக்கு முன்கூட்டியே கீறிவிடும் முறையைக் கண்டு வியந்து தம் நாட்டுக்கு எழுதினார். நம் முன்னோர் அறிந்திருந்ததை, நமக்கு எதிரான சதி என்று நாமே பேசுவது விந்தை.

தவக்குலுக்கு வருகிறேன். இதுதான் மெய்யான வாதம். மற்றவை வெறும் இரைச்சல். உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் படையுடன் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்க் என்னுமிடத்தில் அறிந்து திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடையிறுத்தார்கள். செழித்த மேய்ச்சலும் வறண்ட மேய்ச்சலும் எதிரெதிரே இருந்தால், எதில் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது கத்ர்தான். ஆனால் நல்ல மேய்ப்பன் எதைத் தேர்வான்? அந்த நோய்க்கு அஞ்சித் திரும்பியவரின் ஈமானை அளக்க நம்மில் எவருக்குத் தகுதியுண்டு?

மருத்துவமே செய்யாமல் பொறுத்திருப்பவருக்கு உயர்ந்த கூலியுண்டு என்ற ஹதீஸையும் சிலர் காட்டுகிறார்கள். உண்மை. அந்த உயர்நிலை ஒருவர் தம் உடலின் மீது, தம் விருப்பத்தால் தேர்ந்துகொள்வது. பிறக்காத குழந்தை எவரிடமும் அத்தகைய வாக்கைக் கொடுக்கவில்லை. அதன் தவக்குலை அதற்காகப் பாட்டனாரோ மாமியாரோ செய்ய முடியாது. பிறர்க்குத் தீங்கிழைத்தலாகாது என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. தன்னைத் தற்காத்துக்கொள்ள இயலாத ஒன்றின் மேல் நம் பேணுதலின் பாரத்தைச் சுமத்துவது எந்த மத்ஹபில் அனுமதி?

இன்னொன்று. கர்ப்ப காலத்தில் அரசு செவிலியர் போடும் டிடி ஊசியை நம் அம்மாமார்கள் அன்றுமுதல் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். அப்போது அதை டிடி என்று சொல்லவில்லை, ‘டிடி’க்கு முன்னோடியான ரண ஜன்னி ஊசி. யாரும் ஃபத்வா கேட்கவில்லை. பச்சிளங்குழந்தைகளைக் கொன்று குவித்த ரண ஜன்னி நம் நாட்டிலிருந்து ஒழிக்கப்பட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டதற்கு அந்த மௌனமான கைகளும் ஒரு காரணம். ‘நாங்கள் பெற்றபோது இந்த ஊசியெல்லாம் இருந்ததா?’ என்று கேட்கும் நன்னிமாக்கள், தாங்கள் போட்டுக்கொண்டதை மறந்துவிட்டுக் கேட்கிறார்கள். அக்காலத்தில் எத்தனை பிள்ளைகள் தங்கவில்லை என்பதையும் அவர்களிடமே கேட்கலாம். கேட்டால் அழுதுவிடுவார்கள் என்பதால் நான் கேட்பதில்லை.

நம்மவர்களின் அவநம்பிக்கைக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சுக்குப் பின் ஒரு மாநாட்டைச் சாக்கிட்டு, நோயைப் பரப்புபவர்கள் என்ற பட்டத்தை நம் தலையில் கட்டினார்கள். காய்கறி வண்டிக்காரரையும் பெயர் கேட்டு வாங்கினார்கள். அந்தக் காயம் ஆறவில்லை. அரசும் ஊடகமும் சொல்வதை நம்பத் தயங்கும் மனம் அங்கே உருவானது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தின் விலையை நவம்பரில் பிறக்கவிருக்கும் ஒரு குழந்தை ஏன் செலுத்த வேண்டும்?

மருத்துவர்களையும் நான் விட்டுவிட மாட்டேன். என் மகளுக்கு எழுதிக்கொடுத்தவர் ஒரு சொல் விளக்கம் தரவில்லை. சீட்டை நீட்டிவிட்டு அடுத்தவரை அழைத்தார். அவர் விட்ட இடைவெளியில்தான் ஏழு நிமிடக் குரல் பதிவு நுழைந்தது. யாருக்குப் பொருந்தாது, முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும், முன்பு தடுப்பூசியால் கடும் ஒவ்வாமை கண்டவர்கள் ஏன் தவிர்க்க வேண்டும், கையில் வலியும் ஒரு நாள் காய்ச்சலும் வந்தால் அஞ்ச வேண்டாம் என்பதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். விலையும் ஒரு தடைதான். தனியாரிடம் இந்த ஊசி ஆயிரம் ரூபாய்க்கு மேலாகிறது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் டிடிக்கு இடமுண்டு, இதற்கில்லை. பவர்லூம் கூலிக்குப் போகும் வீட்டில் அது சிறு தொகையன்று. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையெனில், ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து ஏழைக் கர்ப்பிணிகளுக்கு இதைச் செய்வதைவிடச் சிறந்த செலவு எதுவென்று நிர்வாகிகள் எனக்குச் சொல்லட்டும். அகீகாவுக்கு இரண்டு ஆடு அறுத்து முந்நூறு பேருக்குப் பிரியாணி போட வசதியுள்ளவர்கள் விலையைக் காரணம் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

அகீகா என்றவுடன் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழாம் நாள் மண்டபத்தில் கூட்டம். வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையை வாங்கி முத்தமிடுகிறார்கள். இருமிக்கொண்டே வந்த மாமாவிடம் பிள்ளையைக் கொடுக்க மறுத்தால் மரியாதைக் குறைவு. தஹ்னீக் செய்ய, பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் வாயில் தடவ, சளி பிடித்திருக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வருகிறோம். சுன்னத் மதிக்கத்தக்கது, அதைப் பெற்றோரே, நலமாயிருக்கும் ஒருவரே செய்யலாம். அகீகாவின் இறைச்சியை வீடுகளுக்கு அனுப்பிவிட்டுக் கூட்டத்தை நாற்பது கழியத் தள்ளிவைத்தால் சுன்னத் குறைந்துவிடாது. அறையை மூடிச் சாம்பிராணிப் புகையில் பச்சைக்குழந்தையைக் காட்டும் வழக்கமும் அதன் நெஞ்சுக்கு நல்லதன்று. தாய்க்கே ஃப்ளூ வந்துவிட்டால் பாலை நிறுத்தக் கூடாது. கையைக் கழுவி முகக்கவசம் அணிந்து கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

தாய் மட்டும் போட்டுக்கொண்டால் போதாது. அதே வீட்டில் குழந்தையைத் தூக்கப்போகும் தந்தையும் பாட்டிமாரும் போட்டுக்கொள்வது நல்லது. சர்க்கரையும் ஆஸ்துமாவும் உள்ள பெரியவர்களுக்கு அது அவர்கள் நலத்துக்கே தேவையான ஊசி.

கடைசியாக ஒரு கேள்வி. இத்தனை நாள் வாதத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் பேசினோம். நான் பேசினேன், சம்பந்தி பேசினார், மருமகன் தயங்கித் தயங்கிப் பேசினார். வயிற்றில் சுமப்பவளிடம் எவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நானே கேட்டேன். ‘அத்தா, 2017இலும் என்னைக் கேட்கவில்லை’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வருகிற திங்கட்கிழமை காலை அவளை அழைத்துச் செல்கிறேன். நானும் என் மனைவியும் அன்றே போட்டுக்கொள்கிறோம். மருமகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சம்பந்தியம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பவில்லை. மேட்டுப்பாளையம் சாலையில் பேருந்தேறி நேரில் போய், மகளின் மருத்துவச் சீட்டையும் ஊசிப் பெட்டியின் தாளையும் வைத்துக்கொண்டு பேசிவிட்டு வந்தேன். முழுச் சம்மதம் என்று சொல்ல முடியாது. தேநீர் கொடுத்தார்கள், தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள், தமக்கும் சர்க்கரை இருப்பதால் தாமும் போடலாமா என்று மருத்துவரைக் கேட்டுச் சொல்லும்படி சொன்னார்கள். இன்ஷா அல்லாஹ், கேட்டுச் சொல்கிறேன்.

வஸ்ஸலாம்.